வெயில் நினைவுகள், இருண்ட நினைவுகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோல்ஃப் ஆடியதில்லை. ஆடும் உத்தேசமும் இல்லை. கோல்ஃப் மட்டையைக் கையில் பிடித்தது ஒரே ஒருமுறை, அதுவும் பெரிய மாமா வீட்டுப் பரணில் கிடந்த துருப்பிடித்த ஒன்றை. மாமா எழுபதுகளில் ஊட்டியில் கேடியாக இருந்தவர். துரைமார் போனபிறகு வந்த துரைமாருக்குப் பை சுமந்தவர். அவரைத் தவிர அந்த விளையாட்டுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இருந்தும் கடந்த ஒரு வருடமாக கோல்ஃப் பயண நூல்களாக வாசித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். "உனக்கு வேற புஸ்தகமே கிடைக்கலையா?" என்று வீட்டில் கேட்டாயிற்று. நியாயமான கேள்விதான்.

ஆங்கிலத்தில் இது ஒரு தனி வகைமை. வார்ப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். வேலையில் சலித்த நடுவயது ஆண், வடக்கு நோக்கி ஒரு பயணம், சாரல், சின்ன விடுதி, விஸ்கி, உள்ளூர்க் கிழவர் சொல்லும் ஒற்றை வரி ஞானம், கடைசி நாள் அந்தியில் எப்படியோ வாய்த்துவிடுகிற ஒரு நல்ல அடி. முக்கால்வாசி குப்பை. ஆனால் மிச்சமிருக்கும் கால்வாசி என்னை விடமாட்டேன் என்கிறது. காரணம் எளிது: இவர்களுக்கு நிலத்தைப் படிக்கத் தெரியும். சாதாரணப் பயண எழுத்தாளன் காரிலிருந்து இறங்கி, மலையைப் பார்த்து, 'கம்பீரம்' என்று எழுதிவிட்டு மீண்டும் ஏறிக்கொள்வான். கோல்ஃப் ஆடுகிறவன் நாலைந்து மணி நேரம் நடக்கிறான். மண் ஈரமா, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கடற்காற்று எத்தனை மணிக்குத் திரும்பும், கண்ணுக்குச் சமதளமாகத் தெரிவது உண்மையில் எங்கே சரிகிறது என்றெல்லாம் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் பந்து போய்விடும். நம் நவீன இலக்கியத்தில் நிலத்தை இவ்வளவு நெருக்கமாகப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு கை போதுமானதாக இருந்தது.

அவ்வளவு கூர்மையாகப் பார்க்கிற கண் ஒன்றை மட்டும் எப்படிப் பார்க்கத் தவறுகிறது, அல்லது பார்த்துவிட்டு எப்படிக் கடந்துபோகிறது என்பதுதான் என் கேள்வி. அதற்கு டோர்னாக் போதும்.

*

ஸ்காட்லாந்தின் வடகிழக்கே, சதர்லாந்து என்ற பகுதியின் கரையோரச் சிற்றூர் டோர்னாக். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று, மணற்கல் வீடுகள், கொஞ்சம் நடந்தால் கடல். கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கடலுக்கும் ஊருக்கும் நடுவே மணல்மேடும் குட்டைப்புல்லுமாக ஒரு நீளத் துண்டு நிலம் கிடக்கிறது. இப்படிப்பட்ட நிலத்துக்கு அங்கே 'லிங்க்ஸ்' என்று பெயர். உழவுக்கு உதவாது. உப்புக்காற்றும் மணலும். மாடு, ஆடு மேய்க்கலாம், வலை உலர்த்தலாம், துணி காயப்போடலாம், பந்து அடிக்கலாம். உதவாத நிலம் என்பதால் யாரும் பெரிதாகச் சொந்தம் கொண்டாடாத நிலம். நம் ஊர்ப் புறம்போக்கு போல என்று வைத்துக்கொள்ளலாம், சட்டப்படி அப்படியில்லை என்றாலும்.

இங்கே கோல்ஃப் ஆடியதற்கு 1616 வாக்கிலேயே தடயம் இருப்பதாகச் சொல்கிறார்கள். சங்கம் 1877இல் உருவானது. 1886இல் ஓல்ட் டாம் மோரிஸ் வந்து மைதானத்தை வடிவமைத்துக் கொடுத்தார். 1902இல் ரயில் வந்தது. 1906இல் 'ராயல்' என்ற அடைமொழி கிடைத்தது. இதை வாங்கித் தந்தது சதர்லாந்துச் சீமாட்டியின் செல்வாக்கு என்பார்கள். இந்தக் குடும்பப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். ஊரில் பிறந்த டொனால்ட் ராஸ் என்ற தச்சுத் தொழில் கற்ற பையன் 1899இல் அமெரிக்கா போனான். நூற்றுக்கணக்கான மைதானங்களை அங்கே வடிவமைத்தான். பைன்ஹர்ஸ்டின் மேடான கிரீன்களில் டோர்னாக்கின் சாயல் இருப்பதாக ரசிகர்கள் சொல்வது வழக்கம். பதினான்காவது குழிக்கு 'ஃபாக்ஸி' என்று பெயர். அதில் ஒரு பங்கர்கூட இல்லை. நிலத்தின் வளைவு மட்டும்தான் தடை. கோல்ஃப் எழுத்தாளர்கள் அதைப் பற்றி எழுதும்போது நம் ஆட்கள் ஆலாபனையைப் பற்றி எழுதுவதுபோல எழுதுவார்கள்.

இத்தனை இருந்தும் அமெரிக்கர்களுக்கு டோர்னாக் தெரிந்திருக்கவில்லை. 1964இல் ஹெர்பர்ட் வாரன் விண்ட் 'நியூ யார்க்கர்' இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதன்பிறகுதான் யாத்திரை ஆரம்பித்தது. விண்ட் அபாரமான உரைநடைக்காரர். அவசரமே கிடையாது. வாக்கியங்கள் நடந்துபோகும். தெற்கிலிருந்து கிளம்பி வடக்கே போகப்போக நிலம் விரிந்து, வீடுகள் குறைந்து, வானம் பெரிதாகும் அந்த லயம்தான் பிறகு வந்த எல்லாக் கோல்ஃப் யாத்திரைக் கட்டுரைகளுக்கும் மூலப்படிவம். இன்று யூடியூபில் டிரோன் விட்டு எடுக்கும் வீடியோக்கள்கூட அதையேதான் செய்கின்றன, வாக்கியம் இல்லாமல்.

வீடுகள் குறைந்து, வானம் பெரிதாகும். சரி. வீடுகள் ஏன் குறைகின்றன?

*

விண்டின் கட்டுரைக்குச் சரியாக ஒரு வருடம் முன்னால், 1963இல், ஜான் பிரெபிள் எழுதிய 'தி ஹைலண்ட் கிளியரன்சஸ்' வெளிவந்தது. தற்செயல்தான். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒரே மலையை இரண்டு பக்கமிருந்து பார்ப்பதுபோல இருக்கும்.

கதைச் சுருக்கம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதர்லாந்தின் பெரும்பகுதி ஒரே குடும்பத்தின் சொத்து. சீமாட்டி எலிசபெத்துக்குப் பரம்பரை நிலம், அவள் கணவர் ஸ்டாஃபர்ட் பிரபுவுக்கு இங்கிலாந்தின் கால்வாய்ப் பணம். பிரிட்டனின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர் அவர். உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் கேலிக் மொழி பேசும் குத்தகைக் குடிகள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். கொஞ்சம் மாடு, கொஞ்சம் ஓட்ஸ், கொஞ்சம் பார்லி. கணக்குப்பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்த்ததில் இந்த மனிதர்களைவிட செவியட் இனச் செம்மறியாடு அதிக லாபம் தரும் என்று தெரிந்தது. 1811 முதல் பத்தாண்டுகளுக்குள் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் காலிசெய்தார்கள். கில்டோனன் 1813. ஸ்ட்ராத்னேவர் 1814, மறுபடி 1819. திரும்பி வந்து குடியேறாமல் இருக்க வீடுகளின் கூரை மரத்தைக் கொளுத்தினார்கள். மரம் அரிதான ஊரில் கூரை மரம் போனால் வீடு போனதுதான். ஸ்ட்ராத்னேவர் சம்பவத்துக்காகப் பாட்ரிக் செல்லர் என்ற எஸ்டேட் முகவர்மீது 1816இல் இன்வெர்னெஸ்ஸில் வழக்கு நடந்தது. விடுதலையானார். அதே பள்ளத்தாக்கில் பெரிய ஆட்டுப்பண்ணையும் அவருக்குத்தான்.

இதுவரை பலரும் அறிந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி. வெளியேற்றப்பட்டவர்கள் எல்லோரையும் கப்பலேற்றவில்லை. பலரையும் மலையிலிருந்து கரைக்கு இறக்கினார்கள். எஸ்டேட்டின் திட்டமே அதுதான்: உள்நாடு ஆட்டுக்கு, கரையோரம் மனிதனுக்கு. கடலோரத்தில் ஆளுக்கொரு துண்டு நிலம். அந்தத் துண்டை வைத்துப் பிழைக்க முடியாது. பிழைக்க முடியாமல் இருக்க வேண்டும் என்பதும் திட்டத்தின் பகுதி, ஏனென்றால் அப்போதுதான் அவர்கள் மீன்பிடிக்கவும் கூலிக்கும் போவார்கள். கடலையே பார்க்காத மாட்டுக்காரர்கள் ஹெர்ரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இப்போது கோல்ஃப் விடுமுறை விளம்பரத்துக்குத் திரும்பலாம். 'மலையும் கடலும் சந்திக்கும் இடம்' என்பதுதான் இந்தப் பிரதேசத்தை விற்கும் வாசகம், வெவ்வேறு சொற்களில். கரையோரமாக டோர்னாக், கோல்ஸ்பி, ப்ரோரா என்று ஒரு சரம்போல மைதானங்கள். பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தால் மேற்கே வெறுமையான, ஊதா நிற மலைகள். அந்த வெறுமைதான் காட்சியின் விலை. அது இயற்கை கொடுத்த வெறுமை இல்லை, தேதி போட்டுச் செய்யப்பட்ட வெறுமை. ஆடுகளம் எந்தக் கரையில் இருக்கிறதோ அந்தக் கரையோரங்களில்தான் மலைக்காரர்களைக் கொண்டுவந்து தள்ளினார்கள். மலை, கடல் என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் ஒரு மக்கள்கூட்டம் நடந்து இறங்கியிருக்கிறது.

கோல்ஸ்பி மைதானத்தில் இதைத் தவிர்க்கவே முடியாது. ஊருக்குப் பின்னால் பென் ப்ராகி என்ற குன்றின் உச்சியில் முதலாம் சதர்லாந்து டியூக்கின் சிலை. 1830களில் நிறுத்தியது. பீடத்தோடு சேர்த்து நூறு அடி. நன்றியுள்ள குடிகள் எழுப்பியது என்று கல்வெட்டு சொல்கிறது. அதை இடிக்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழும், அடங்கும். அந்த ஊரில் ஆடுகிறவர்கள் சிலையைத் திசை பார்க்கப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

*

விருந்தாளியின் கண்ணுக்கு என்ன ஆகிறது என்பதற்கு சதர்லாந்தில் கோல்ஃபைவிடப் பழைய உதாரணம் உண்டு. 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதிய ஹேரியட் பீச்சர் ஸ்டோ 1853இல் பிரிட்டனுக்கு வந்தார். அடிமை முறைக்கு எதிரான உலகக் குரல் அவர். லண்டனில் அவரை உபசரித்தவர்களில் முக்கியமானவர் அன்றைய சதர்லாந்துச் சீமாட்டி. ஊர் திரும்பிய ஸ்டோ, 1854இல் 'சன்னி மெமரீஸ் ஆஃப் ஃபாரின் லேண்ட்ஸ்' என்ற பயண நூலில், சதர்லாந்து வெளியேற்றங்களைப் பற்றிச் சொல்லப்பட்டவை மிகை, நடந்தது முன்னேற்றம் என்று அந்தக் குடும்பத்துக்காக வாதாடினார். தகவலுக்கு எஸ்டேட் தரப்பையே நம்பினார். பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நல்ல விருந்து, நல்ல மனிதர்கள், நல்ல வெயில். (கார்ல் மார்க்ஸ் அதே 1853இல் 'நியூ-யார்க் டிரிப்யூனில்' இந்தச் சீமாட்டி குடும்பத்தின் அடிமை எதிர்ப்பைக் கிழித்துத் தொங்கப்போட்டிருந்தார். யாரும் விருந்துக்குக் கூப்பிடாத மனிதர்.)

ஸ்டோவுக்குப் பதில் சொன்னவர் டொனால்ட் மக்லியோட். ஸ்ட்ராத்னேவர்க்காரர், கல்தச்சர். வீடுகள் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். 1840 வாக்கிலேயே எடின்பரோ பத்திரிகையில் கடிதங்களாக எழுதியவர். பிறகு கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே டொரன்டோவில் 1857இல் அவர் நூல் வெளியானது. பெயர் 'குளூமி மெமரீஸ்'. உன்னுடையது வெயில் நினைவு என்றால் என்னுடையது இருண்ட நினைவு. பயண எழுத்து பற்றிய விமர்சனத்தில் இதைவிடக் கச்சிதமான தலைப்பை நான் பார்த்ததில்லை. நூல் என்னவோ கரடுமுரடுதான். திட்டுகிறார், கூறியது கூறுகிறார், பைபிளை எடுத்து வீசுகிறார். ஸ்டோவின் நடையழகு கிட்டவே வராது. ஆனால் யார் வீடு, எந்த ஊர், யார் தீ வைத்தது என்று பெயர் பெயராகச் சொல்கிறார். பெயர்களைச் சொல்லும்போது அந்த உரைநடை நிமிர்ந்து நிற்கிறது.

*

லோர்ன் ரூபன்ஸ்டைனின் 'எ சீசன் இன் டோர்னாக்' (2001) நூலுக்கு இப்போது வரலாம். கனடிய கோல்ஃப் பத்திரிகையாளர். 1977இல், வாழ்க்கை எந்தப் பக்கம் போவதென்று தெரியாத இளைஞராக, முதல்முறை டோர்னாக் வந்தவர். 2000ஆம் ஆண்டுக் கோடையில் மனைவியோடு வந்து சில மாதங்கள் தங்கினார். ஆட்டத்தின்மேல் தனக்கிருந்த பழைய பிரியத்தை மீட்க முடியுமா என்று பார்க்கத்தான் வந்தது. ஷான் கானரி முன்னுரை.

இந்த வகைமையின் சிறந்த நூல் இது என்பது என் எண்ணம். அதனால்தான் இதோடு சண்டை. மோசமான நூலோடு சண்டை போட்டு என்ன பயன்? டிரம்ப் அபர்டீன் பக்கம் மணல்மேடுகளில் மைதானம் போட்ட கதையை எடுத்தால் விமர்சனம் தானாக எழுதிக்கொள்ளும். வில்லன் தயாராக இருக்கிறான், 'யூ ஹேவ் பீன் டிரம்ப்ட்' என்று 2011இல் ஆவணப்படமே வந்துவிட்டது. டோர்னாக்கில் வில்லன் இல்லை. சங்கத்தில் உள்ளூர்க்காரர்கள் உறுப்பினர்கள். மைதானத்தின் ஊடே நடந்து கடற்கரைக்குப் போகலாம், நாயைக் கூட்டிக்கொண்டு. மனிதர்கள் நல்லவர்கள். ரூபன்ஸ்டைனும் நல்லவர்.

அவர் வெளியேற்றங்களை மறைக்கவும் இல்லை. விண்டிடமிருந்து அவரைப் பிரிக்கும் முக்கியமான கோடு இது. வரலாற்றைப் படித்திருக்கிறார், ஊர்க்காரர்களோடு பேசியிருக்கிறார், இந்த நிலத்தின் மேல் அந்தக் காயம் இன்னும் இருக்கிறது என்று தெரிந்தே எழுதுகிறார். ஒரு கோல்ஃப் நூலில் இது சாதாரணமில்லை, மனமார ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு என்ன குறை? வெளியேற்றம் அங்கே ஒரு தொனியாக இருக்கிறது. சோகம் நிலத்துக்கு ஆழம் கொடுக்கிறது. மாலை வெளிச்சத்தில் பாழடைந்த பள்ளத்தாக்கு அழகாக இருக்கிறது, சோகத்தால் இன்னும் அழகாக இருக்கிறது. அப்புறம் ஆட்டத்துக்குத் திரும்பியாக வேண்டும், ஏனென்றால் நூலின் கேள்வி ஒரு மனிதனின் ஆட்டம் திரும்புமா என்பது. அந்தக் கேள்விக்குள் பள்ளத்தாக்கின் கேள்வி அடங்காது. அடக்கப் பார்த்தால் முன்னது கூசிப்போகும். ஆகவே இரண்டும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் குடியிருக்கின்றன, கதவைத் தட்டாமல்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. 1813இல் கில்டோனனிலிருந்து துரத்தப்பட்டவர்களில் ஒரு கூட்டம் செல்கர்க் பிரபு வழியாகக் கனடாவின் ரெட் ரிவர் பக்கம் போனது. இன்றும் வின்னிபெக்கில் கில்டோனன் என்ற பெயரில் பேட்டைகள் இருக்கின்றன. போன இடமும் காலி நிலம் இல்லை. அது க்ரீ, ஓஜிப்வே, மெட்டி மக்களின் இடம். மக்லியோடின் நூல் அச்சானதும் கனடாவில். கனடாவிலிருந்து கிளம்பி டோர்னாக்குக்கு வரும் எழுத்தாளருக்கு இது எவ்வளவு பெரிய வாசல்! தன்னைத் தேடி வந்த ஊர், தன் நாடு எப்படி உருவானது என்ற கேள்வியைக் கையில் கொடுக்கிறது. இந்த வாசல் வழியாக அவர் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாம் என்று ஒவ்வொரு வாசிப்பிலும் தோன்றுகிறது. இது அநியாயமான எதிர்பார்ப்பு என்று நண்பர் ஒருவர் சொன்னார். "அவர் கோல்ஃப் புஸ்தகம் எழுதறார்பா, நீ ஏன் அவரை ஹிஸ்டரி எழுதச் சொல்ற?" சொல்லவில்லை. கிரீனின் சரிவைப் படித்த அதே கண்ணால் இதையும் படியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

*

அப்படிப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நீல் கன் என்ற நாவலாசிரியர் பக்கத்துக் கேத்னஸ்காரர். அவருடைய 'புட்சர்ஸ் ப்ரூம்' (1934) ஒரு பள்ளத்தாக்கின் கடைசி வருடங்களைச் சொல்வது. டார்க் மைரி என்ற கிழவி, மூலிகை அறிந்தவள், அதன் மையம். துரத்தப்பட்டுக் கரைக்கு வந்தபிறகு மூலிகை பறிக்கப் பழைய பள்ளத்தாக்குக்கே போகிறாள். ஆட்டிடையனின் நாய்கள் அவள்மேல் பாய்கின்றன. அந்த இடத்தில் கன் நிலத்தை வருணிக்கும் விதத்தைக் கவனியுங்கள். எந்தச் செடி எந்தப் பாறையடியில் முளைக்கும் என்று அவளுக்குத் தெரியும். கோல்ஃப் எழுத்தாளனின் அதே நுட்பம்தான். ஆனால் அவளுக்கு அந்த அறிவு ஒரு வீட்டின் பகுதி. 'தி சில்வர் டார்லிங்ஸ்' (1941) அடுத்த தலைமுறை, கரைக்குத் தள்ளப்பட்டவர்கள் மீனவர்களாகும் கதை. கடலைக் காட்சியாகப் பார்க்க அவர்களுக்கு நேரமே இல்லை.

இயன் கிரைட்டன் ஸ்மித்தின் 'கன்சிடர் தி லிலீஸ்' (1968) இன்னும் சின்னது, என் விருப்பம் அதுதான். வெளியேற்ற உத்தரவு வந்த ஒரு கிழவி, திருமதி ஸ்காட். செல்லர் அதில் நிஜப் பெயரோடே வருகிறார், மக்லியோடும் வருகிறார். கால வழு உண்டு, ஆராய்ச்சி போதாது என்று குறை சொன்னவர்கள் உண்டு. இருக்கட்டும். கிழவி நம்பிய பாதிரி அவளைக் கைவிடும் கட்டத்தில் அவள் தனக்குள் மெதுவாக உடைவதை ஸ்மித் எழுதியிருப்பது எந்த ஆவணத்திலும் கிடைக்காது. 1973இல் ஜான் மக்ராத்தின் '7:84' நாடகக் குழு 'தி செவியட், தி ஸ்டாக் அண்ட் தி பிளாக், பிளாக் ஆயில்' நாடகத்தை ஹைலண்ட்ஸ் ஊர் மன்றங்களில் போட்டது. செம்மறியாடு, பிறகு பிரபுக்களின் மான் வேட்டை, பிறகு எண்ணெய். ஒரே நிலம், மாறி மாறி வரும் முதலாளிகள். அந்த வரிசையில் கோல்ஃபைச் சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்று கை துறுதுறுக்கிறது. ஆனால் அவசரப்பட வேண்டாம். ஆடு மனிதர்களைத் துரத்தியது. கோல்ஃப் யாரையும் டோர்னாக்கிலிருந்து துரத்தவில்லை. காலியான பிறகு வந்தது, கொஞ்சம் வேலையும் கொடுத்தது.

*

இங்கே திணை என்ற நம் சொல் உதவுகிறது. பண்டிதத்தனம் என்று நினைக்காதீர்கள், ஒரே ஒரு பத்திதான். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் எல்லாம் கரு. பிரிவும் இருத்தலும் இரங்கலும் உரி. மலையும் கடலும் அங்கே வெறும் காட்சியாக ஒருபோதும் நிற்பதில்லை. குறவன் இல்லாமல் குறிஞ்சி இல்லை, பரதவர் இல்லாமல் நெய்தல் இல்லை. டோர்னாக் எழுத்தை இப்படி வைத்துப் பாருங்கள். முதற்பொருள் அபாரம்: மணல், காற்று, நீளும் அந்தி. கருப்பொருளில் பாதி உண்டு: மஞ்சளாகப் பூக்கும் கார்ஸ் புதர், வானம்பாடி, செம்மறியாடு. தொழில் விளையாட்டாகிவிட்டது. மக்கள் தொகுதி முழுசாக மாறிவிட்டது. உரிப்பொருளோ வந்துபோகிறவனுடையது. நெய்தலுக்கு உரியது இரங்கல். இங்கே இரங்குகிறவன் விருந்தாளி, எதற்காக என்றால் தன் போன இளமைக்காக. அந்த மண்ணின் இரங்கலுக்கு அவன் இரவல் குரல்கூட ஆவதில்லை.

மாமா கதைக்கு வருகிறேன். ஊட்டி கோல்ஃப் மைதானம் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் இருக்கிறது. ஒரு மெட்ராஸ் கவர்னரின் பெயர். அதற்கு முன் அது தோடர்களின் எருமை மேய்ச்சல் நிலம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மேடுகள்போல இருக்கிறது என்றுதான் துரைமார் அதை விரும்பினார்கள். மாமாவிடம் சிறுவயதில் "கோல்ஃப்னா என்ன மாமா?" என்று கேட்டிருக்கிறேன். மட்டை, பந்து, குழி எதையும் அவர் சொல்லவில்லை. எந்தப் பக்கம் எருமை வரும், எந்தச் சரிவில் அட்டை கடிக்கும், மூடுபனி இறங்கினால் எந்த மரத்தைக் குறிவைத்து நடக்க வேண்டும், மந்து எந்தத் திசையில் இருக்கிறது, இதைத்தான் சொன்னார். ஆடினவரின் பெயர் ஒன்றும் அவருக்கு ஞாபகமில்லை. விண்ட் எழுதிய நிலமும் மாமா சொன்ன நிலமும் ஒரே வகைதான். இவருடையதில் ஆள் இருந்தார்கள், எருமையும் இருந்தது.

*

டோர்னாக் கதை இன்னும் முடியவில்லை. ஊருக்கு வடக்கே எம்போவை ஒட்டி கூல் லிங்க்ஸ் என்ற மணல்மேட்டுப் பரப்பு இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. அங்கே ஒரு புதிய மைதானம் போட அமெரிக்க முதலீட்டாளர்கள் முன்வந்தார்கள். 2018இல் ஹைலண்ட் கவுன்சில் சம்மதித்தது, 2020இல் ஸ்காட்டிஷ் அமைச்சர்கள் மறுத்தார்கள். திட்டம் பிறகு மாற்று வடிவில் மறுபடி வந்தது. எதிர்ப்பவர்களின் கையில் ஒரு சின்ன ஈ இருக்கிறது, ஃபொன்சேகா விதை ஈ. உலகத்திலேயே இந்தக் கரைத்துண்டில் மட்டும் காணப்படுவது என்கிறார்கள். ஆதரிப்பவர்களில் உள்ளூர்க்காரர்கள் ஏராளம். வேலை வேண்டும், பிள்ளைகள் தெற்கே போகாமல் இருக்க வேண்டும், பள்ளிக்கூடம் மூடாமல் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஈ பக்கம் நிற்பது எனக்குச் சுலபம். முதலில் அப்படித்தான் நின்றேன். பிறகு இரு தரப்பு வாதங்களையும் வாசிக்க வாசிக்கச் சங்கடமானது. கோல்ஃப்காரர்கள் 'தீண்டப்படாத அற்புத லிங்க்ஸ்' என்கிறார்கள். சூழலியல்காரர்கள் 'தீண்டப்படாத மணல்மேடு' என்கிறார்கள். அதே அடைமொழி! மேய்ச்சலும் புதர் வெட்டலுமாக நூற்றாண்டுகள் மனிதக் கை பட்ட நிலத்தை இருவரும் கன்னி நிலம் ஆக்கிவிடுகிறார்கள். ஒருவருக்கு ஆடுவதற்கு, இன்னொருவருக்குக் காப்பதற்கு. துரத்தப்பட்டவர்களின் கொள்ளுப்பேத்தி அங்கே ஒரு ஹோட்டல் வரவேற்பறை வேலையைக் கேட்டால், அவளுக்கு எந்த முகத்தோடு 'ஈ முக்கியம்' என்று சொல்வது? ஈயும் முக்கியம்தான். எனக்கு இதில் தீர்ப்பு இல்லை. ஆனால் இந்தச் சிக்கலை உள்ளே விட்ட ஒரு கோல்ஃப் நூலை நான் இன்னும் வாசிக்கவில்லை, வாசிக்கக் காத்திருக்கிறேன்.

அதற்கு எங்கே தொடங்கலாம் என்று ஒரு யோசனை உண்டு. டோர்னாக்கிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் ப்ரோரா. ஜேம்ஸ் ப்ரெய்ட் 1923இல் வடிவமைத்த மைதானம். அந்த நிலத்தில் உள்ளூர்ச் சிறு விவசாயிகளுக்கு மேய்ச்சல் உரிமை இருந்ததால் நீண்டகாலமாக ஆடும் மாடும் மைதானத்திலேயே மேய்ந்து வந்திருக்கின்றன. அவை ஏறிவிடாமல் ஒவ்வொரு கிரீனையும் சுற்றி மெல்லிய மின்வேலி. பந்து சாணத்தில் விழுந்தால் என்ன செய்வது என்பதற்குத் தனி விதி. வருகிற எழுத்தாளர்கள் எல்லோரும் இதை வேடிக்கையாக ஒரு பத்தி எழுதிவிட்டு அடுத்த குழிக்குப் போகிறார்கள். நான் அந்தப் பத்தியிலேயே நின்றுவிடுகிறேன். எந்த மிருகத்துக்காக மலையைக் காலிசெய்தார்களோ அதே மிருகத்தை, கரைக்கு வந்தவர்களின் வழியில் வந்தவர்கள், டாலர் கொடுத்து ஆட வந்தவரின் காலடியில் மேய விடுகிறார்கள். உரிமையாக. வேலிக்கு உள்ளே அவர், வெளியே ஆடு.

இன்னும் வடக்கே போனால் ஹெல்ம்ஸ்டேல். கில்டோனன் பள்ளத்தாக்கு கடலைத் தொடும் இடம். ஊருக்கு மேலே 2007இல் வைத்த வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது, புறப்பட்டுப் போகும் ஒரு குடும்பம். அப்பா முன்னால் பார்க்கிறார். கைக்குழந்தையோடு அம்மா, வந்த பள்ளத்தாக்கைத் திரும்பிப் பார்க்கிறாள். கீழே ஹெல்ம்ஸ்டேலிலும் ஒன்பது குழியில் ஒரு சின்ன மைதானம் உண்டு. கூட்டமே இருக்காது என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள்.